வெள்ளைக் கோடு

பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள் என்பதால்தான்
வந்தோம், டெர்மட்டும் நானும்,
வக்கீல் கடிதத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே
ஒரு வாரம்,
ஸ்டாஃபோர்ட்ஷயர் கால்வாய் ஒன்றில்.
ரயில்பெட்டியின் நடைவழியை மட்டும் நறுக்கி
மிதக்கவிட்டதுபோல் ஒரு படகு.

படகுத்துறையில் க்ளெம் என்றொருவர்
தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்:
கரையில் நடப்பவர் உங்களை முந்தினால் அதுதான் சரியான வேகம்.
கட்டிக் கிடக்கும் படகுகளைக் கடக்கையில் இன்னும் மெதுவாக,
உள்ளே யாரோ சூப் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.
எதிரே ஆள் வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள்.
சுக்கான்பிடியை இடது தள்ளினால்
படகு வலது போகும்.
(இதில் மட்டும்
எங்களுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம்.)
படகுக்கும் சுவருக்கும் நடுவே காலை நீட்ட வேண்டாம்,
பதினாறு டன், கணுக்காலைப் பார்த்து நிற்காது.
யாராவது விழுந்தால்
முதலில் எஞ்சினை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள்.
விழுந்தவர் நீந்த வேண்டாம்,
எழுந்து நின்றால் போதும், இடுப்பளவு தண்ணீர்தான்.

சிரித்தோம்,
அவன் ஒரு பக்கம் பார்த்து, நான் ஒரு பக்கம் பார்த்து.

லாக்கில் அப்படி இல்லை, என்றார் க்ளெம்,
முதல்முறையாகக் கோப்பையைக் கீழே வைத்து.
இறங்கும்போது மேல்கதவின் அடியில்
கல்லால் ஒரு நிலைப்படி இருக்கும், தண்ணீருக்குள்.
கண்ணுக்குத் தெரியாது.
சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள்.
படகின் வால்
எப்போதும் கோட்டுக்கு முன்னால்.

மூன்று நாள் நன்றாகவே போனது.
அவன் மேலே, இரும்புத் திருகுப்பிடியோடு,
நான் கீழே, சுக்கானோடு.
திற. பாதி. போதும். கயிறு.
இந்த வருடம் முழுக்கப் பேசியதைவிட அதிகம்.
ஒரு வார்த்தைக்கும் உள்ளர்த்தம் இல்லை.

நான்காம் நாள், பதினேழாம் லாக், தூறல்.
தொட்டி பாதி வடிந்திருந்தது.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது:
வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று, தொகை இன்னது,
இன்றே பதில் வேண்டும்.
படித்தேன். மறுபடி படித்தேன்.
படகு ஒரு முழம் பின்னால் நகர்ந்ததை
நான் அறியவில்லை.

முதலில் கரண்டிகள் வைத்த இழுப்பறை
தானாகத் திறந்தது.
அப்புறம் கெட்டில்.
முன்பக்கம் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருக்க
என் காலடி மட்டும் இறங்கவில்லை.

"ப்ரையனி!"

பிப்ரவரிக்குப் பிறகு
அவன் வாயில் என் பெயர்.

ஏறிட்டுப் பார்த்தேன். ஓடவில்லை அவன்.
கீழ்மதகை அடைத்தான், ஒன்று, பிறகு மற்றது,
பல்சக்கரம் கடகடக்க.
அதற்குப் பிறகுதான் ஓடினான்,
வழுக்கும் கல்லில், மேல்கதவுக்கு.
கால்வாசி திறந்து நிறுத்தினான்.
"பிடிச்சுக்கோ. எங்கேயும் நகராதே."
தண்ணீர் திரும்பி வந்தது,
அவசரமே இல்லாமல்.
கல்லை விட்டு வால் எழும்பியபோது
கிழட்டு மாடு எழுந்திருப்பதுபோல் ஒரு முனகல்.

சுக்கானை ஆட்டிப் பார்த்தேன். அசைந்தது.
மழையில் நின்று குனிந்து பார்த்தான்.
தொடைகள் நடுங்கின, அவனுக்கும்.

"என்ன பார்த்துட்டிருந்தே?"
சொன்னேன்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான்.
"குடுத்துடலாம்."
"ம்."

அந்தக் கோட்டைப் பற்றி
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
நல்ல வாக்கியமாகவும் வந்திருக்கும்.
விட்டுவிட்டேன்.

"முன்னால் போ," என்றான். "இன்னும்.
இன்னும் கொஞ்சம்."
போனேன்.
திருகுப்பிடியை மதகில் மாட்டிவிட்டு
திருகாமல் நின்றான்,
நான் கை தூக்கும்வரை.